கணித மேதை இராமானுஜனும் முடிவே இல்லாத பையும்



டிசம்பர் 22 தேசிய கணித தினம். 2012-ஆம் ஆண்டிலிருந்து இந்த நாளைக் கொண்டாடுகிறோம். அன்றுதான் கணித மேதை சீனிவாச இராமானுஜன் பிறந்தார். அவர் வாழ்க்கை வரலாற்றை இந்த மாத சுவர் இதழுக்கு நான்தான் எழுதுவேன் என்று கணக்கு டீச்சரிடம் கேட்டு வாங்கினேன். போன தடவை பொம்பளப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஓரத்தில் பூ வரையும் வேலைதான் கிடைத்தது. அதனால் இந்த முறை விடவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. எங்க வகுப்பில் மெய்யெண்கள் பாடம் நடந்தபோது ஒரு சண்டை வந்தது. பை என்பது விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா? (பை என்றால் புத்தகப் பை இல்லை. வட்டக் கணக்கில் மேசைக்கு ரெண்டு கால் வச்ச மாதிரி ஒரு குறி வருமே, அது.) மேலே ஒரு முழு எண், கீழே பூச்சியம் இல்லாத ஒரு முழு எண், இப்படி எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். நாம சின்ன வகுப்பிலேயே பையின் மதிப்பு 22/7 என்று படிச்சுட்டோம். 22-ம் முழு எண், 7-ம் முழு எண். அப்போ விகிதமுறு எண்தானே என்று பாதி வகுப்பு. புத்தகத்தில் விகிதமுறா எண் என்றுதானே போட்டிருக்கு என்று மீதி வகுப்பு. மணி அடிக்கிற வரைக்கும் சண்டை தீரவில்லை. இராமானுஜன் வாழ்க்கையைப் படித்தால் இந்தச் சண்டைக்கும் பதில் கிடைக்கிறது.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில், அம்மாவைப் பெத்த ஆச்சி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் இருந்த சின்ன வீடு இப்பவும் நினைவு இல்லமாக இருக்கு. அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். ரெண்டு வயதில் இராமானுஜனுக்குப் பெரியம்மை வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் தழும்பு கடைசி வரை முகத்தில் இருந்தது. அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் சின்னதிலேயே இறந்துவிட்டன.

1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். வீட்டுச் செலவுக்காக காலேஜ் படிக்கும் மாணவர்கள் ரெண்டு பேரை அம்மா வீட்டில் தங்க வைத்திருந்தார். அவங்களுக்குத் தெரிந்த கணக்கு எல்லாவற்றையும் பதினோரு வயதிலேயே இவர் கற்று முடித்துவிட்டார். பதிமூன்று வயதில் லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை முடித்தார். அது காலேஜ் பாடம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது √2-இன் மதிப்பையும் பையின் மதிப்பையும் எத்தனை தசம இடம் கேட்டாலும் ஒப்பிப்பாராம். நம்ம வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. ஆனால் வாய்ப்பாடு பதினாறில் முடிஞ்சிரும். அவர் ஒப்பித்த ரெண்டு எண்ணுமே முடியாத எண்கள்.

இங்கே கதையை நிறுத்தி எங்க வகுப்புச் சண்டைக்கு வாரேன். ஒரு கண்ணாடி வளையலை எடுத்துக்கோங்க. சுற்றி நூலை விட்டு அளந்தால் சுற்றளவு. குறுக்கே அளந்தால் விட்டம். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும் வரும். வளையல், தூக்குவாளி மூடி, சைக்கிள் சக்கரம், வாசல் கோலத்து வட்டம், எதை அளந்தாலும் அதே மூன்றும் கொஞ்சமும்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் ஆயிரக்கணக்கான வருஷக் கேள்வி. நம்ம நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499-இல் 62832/20000 என்று கொடுத்தார். அது 3.1416. கிட்டத்தட்ட என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். 1400-ஐ ஒட்டி கேரளத்தில் வாழ்ந்த மாதவன் பதினோரு தசம இடம் வரை சரியாகச் சொன்னார்.

இப்போ 22-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்க. 3.142857142857 என்று 142857 திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கும். விகிதமுறு எண் என்றால் அப்படித்தான், ஒண்ணு மீதி இல்லாமல் முடியும், இல்லைன்னா ஒரே கூட்டம் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் உண்மையான பை 3.14159265358979 என்று போகும். முடியவும் முடியாது, சுற்றவும் சுற்றாது. மூன்றாவது தசம இடத்திலேயே 22/7 வேற, பை வேற. அதாவது 22/7 என்பது பை இல்லை, பையின் பக்கத்து வீடு. பக்கத்து வீடு விகிதமுறு எண். பை விகிதமுறா எண். புத்தகம் சொன்னதுதான் சரி.

நம்ம பாடத்தில் ஆரம் எப்பவும் 7, 14, 21 என்றே வருவது ஏன் என்று இப்போ புரியுதா? கீழே இருக்கிற 7 அடிபட்டுப் போகணும், அதுக்காகத்தான். உலகத்தில் எந்த வட்டமும் நமக்காக 7 செ.மீ. ஆரத்தோடு பிறப்பது இல்லை.

சுற்றளவின் கீழே விட்டத்தைப் போட்டு எழுதினால் அதுவும் பின்னம்தானே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. விட்டம் முழு எண்ணாக இருந்தால் சுற்றளவு முழு எண்ணாகவோ பின்னமாகவோ வரவே வராது. ரெண்டும் ஒரே நேரத்தில் முழு எண்ணாக அமையும் வட்டம் கிடையாது. நம்ம ஸ்கேல் மில்லிமீட்டரோடு நின்றுவிடுவதால் அளக்கும்போது அமைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதனால் அளந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நிரூபிக்கத்தான் முடியும். 1761-இல் லாம்பெர்ட் என்பவர் நிரூபித்தார். 1882-இல் லிண்டெமன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். √2-ஐப் போல வர்க்கமூலம், கனமூலம் என்று எதைப் போட்டாலும் பையைப் பிடிக்க முடியாது என்று காட்டினார். இப்படிப்பட்டவற்றை விஞ்சிய எண்கள் என்று சொல்வார்கள். இராமானுஜன் பிறக்க அப்போ ஐந்து வருஷம் இருந்தது.

திரும்பக் கதைக்கு வருவோம். 1903-இல் இராமானுஜன் கையில் கார் என்பவர் எழுதிய ஒரு புத்தகம் கிடைத்தது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள், விளக்கம் ரொம்பக் கம்மி. வேறு யாராக இருந்தாலும் மூடி வைத்திருப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். 1904-இல் பள்ளியில் கணிதப் பரிசு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை எல்லாம் கிடைத்தது. அப்புறம்தான் கஷ்டம். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை. இங்கிலீஷில் தோற்றார், உதவித்தொகை போனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூறு பாடம் காலை வாரியது. எஃப்.ஏ. தேர்வில் அந்த வருஷமும் தோல்வி, 1907-லும் தோல்வி. நம்ம வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததும் அதே 1906-தான். ஊரெல்லாம் கப்பலைப் பற்றிப் பேசிய நாளில் ஒருத்தர் மெட்ராசில் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க தெரு அக்கா ஞாபகம்தான் வந்தது. கணக்கில் 91 எடுத்தவ. இங்கிலீஷ் போனதால் பத்தாம் வகுப்போடு நின்று இப்போ உப்பளத்துக்குப் போறா. இராமானுஜன் தோற்றும் ஜெயித்தார் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லுதாங்க. அவர் தோற்றதுக்கும் ஜெயித்ததுக்கும் நடுவில் ஏழு வருஷம் இருக்கு. அந்த ஏழு வருஷம் அவரை யாரோ ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்லணும்.

1909-இல் அவருக்குக் கல்யாணம் ஆனது. பெண் பெயர் ஜானகி. வயது பத்து. நம்ம பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வயசு. அந்தக் காலத்தில் அது வழக்கம் என்பார்கள். எனக்குப் பதினாலு வயசு, எனக்கு அது பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

கல்யாணம் ஆனதும் வேலை தேடினார். கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுகள்தான். 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் அதைக் காட்டினார். அவர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததும், இந்தப் பையனைத் தாலுகா ஆபீஸ் வேலையில் போட்டால் பாழாகிவிடுவான் என்று நினைத்து, தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அடுத்து நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். சும்மா பணம் வாங்க இராமானுஜனுக்கு மனசு இல்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க் வேலையில் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். நம்ம ஊரில் நிறைய வீட்டில் துறைமுகத்து வேலைக்குப் போறவங்க இருக்காங்க. உலகத்துப் பெரிய கணித மேதையும் ஒரு துறைமுகக் கிளார்க்தான் என்று அவங்ககிட்ட சொல்லுங்க.

காகிதம் விலை அதிகம். அதனால் சிலேட்டில்தான் கணக்குப் போடுவார். துணியை எடுத்துத் துடைக்க நேரம் இல்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவர் நோட்டுகளில் வழிமுறை இல்லாமல் விடை மட்டும் நிறைய இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (நாம அப்படி எழுதினா மார்க் கிடைக்காது!) நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்லிக் கொடுத்ததாக அவர் நம்பினார். அந்தக் கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. முழங்கை கறுத்துப்போகும் அளவுக்கு அழிச்சு அழிச்சுப் போட்ட கதையும் எனக்குப் பிடிக்கும்.

துறைமுகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் அவர் அருமை தெரிந்தவர். சாயங்காலம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்களாம். 1913 ஜனவரி 16-ஆம் தேதி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். அதில் பல இடங்களில் நம்ம பையும் இருந்தது. அதற்கு முன்னால் எழுதிய வேறு பேராசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்துப் பார்த்து, இதைப் பெரிய மேதையைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சிப் பணம்! 1914 மார்ச் 17-ஆம் தேதி நேவாசா என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். ஜானகி ஊரிலேயே இருந்தார்.

இப்போதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வட்டத்துக்குச் சமமான பரப்பு உள்ள சதுரத்தைக் காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்து வரைய முடியுமா என்பது பழைய புதிர். துல்லியமாக முடியாது என்று லிண்டெமன் முடிவு கட்டிவிட்டார். கிட்டத்தட்ட வரையலாம்தானே? 1913-இல் இராமானுஜன் அப்படி ஒரு படம் வரைந்தார். அதில் பைக்கு 355/113 என்ற மதிப்பு. (1, 1, 3, 3, 5, 5 என்று எழுதி நடுவில் வெட்டி, பின்பாதியை மேலே போட்டால் மறக்காது.) 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கு அப்படி வரைந்தால் சதுரத்தின் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு இஞ்ச்தான் தப்பும் என்று கணக்கிட்டார். இப்போதைய தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு இடம் அது!

1914-இல் பை பற்றியே ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். அதில் இருக்கும் ஒரு மதிப்பை நீங்களே பார்க்கலாம். வர்க்கமூலப் பட்டன் உள்ள கால்குலேட்டர் இருந்தால் 2143-ஐ 22-ஆல் வகுங்க. வர்க்கமூலப் பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க. 3.14159265 வரும். எட்டு தசம இடம் சரி!

பக்கத்து வீடுகளில் எது எவ்வளவு பக்கம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். 22/7 வைத்து பூமியின் சுற்றளவு கண்டுபிடித்தால் 16 கிலோமீட்டர் கூடிவிடும். நம்ம புதுக்கோட்டையில் பஸ் ஏறி தூத்துக்குடி போகிற தூரத்துக்குப் பக்கம். 355/113 வைத்தால் மூன்றரை மீட்டர் கூடும், ஒரு மாட்டு வண்டி நீளம். இராமானுஜனின் 2143 வைத்தால் 1.3 சென்டிமீட்டர்தான் குறையும். பூமி முழுக்கச் சுற்றி வந்து ஒரு விரல் அகலம்!

அதே கட்டுரையில் பையைக் கண்டுபிடிக்க 17 சூத்திரங்கள் இருந்தன. அதில் ஒன்று, ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய எட்டு இலக்கம் கூடுதலாகச் சரியாகக் கொடுக்கும். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் இது எதற்கு என்று கூட நினைத்திருப்பார்கள். 1985-இல் கோஸ்பர் என்பவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டுபிடித்தார். 2022-இல் 100 லட்சம் கோடி இலக்கங்கள் கண்டுபிடித்ததும் இராமானுஜன் காட்டிய அதே வகைச் சூத்திரத்தால்தான். இன்னும் சுற்றவில்லை, இன்னும் முடியவில்லை.

முழு எண்களையும் அவர் விடவில்லை. தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிகக் காரணிகள் உள்ள எண்களை ஆராய்ந்தார். 12-க்கு ஆறு காரணிகள், 60-க்குப் பன்னிரண்டு, 360-க்கு இருபத்து நான்கு. டஜன், மணி, வட்டத்தின் பாகை எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கு. இந்த ஆராய்ச்சிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தோற்றவருக்கு! 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆன முதல் இந்தியரும் அவர்தான்.

ஆனால் உடம்பு தாங்கவில்லை. முதல் உலகப் போர் நேரம். அவர் சுத்த சைவம், தானே பொங்கிச் சாப்பிடணும், காய்கறி கிடைப்பது கஷ்டம். குளிரோ பயங்கரம். போன புதிதில் கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்கணும் என்று கூடத் தெரியாமல் மேலேயே படுத்து நடுங்கினாராம். சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இல்லை பாருங்க. 1917-இல் நோயில் விழுந்தார். டாக்டர்கள் காசநோய் என்றார்கள். கல்லீரலில் அமீபாவால் வந்த நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு மருத்துவர் எழுதினார். அப்படி இருந்தால் அன்றைக்கே குணப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

நோயாளியாக இருந்தபோது ஹார்டி பார்க்க வந்தார். தான் வந்த டாக்சி எண் 1729, அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை என்று சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதான் என்றார். 1-இன் கனத்தோடு 12-இன் கனம், 9-இன் கனத்தோடு 10-இன் கனம். கூட்டிப் பாருங்க.

1919-இல் ஊர் திரும்பினார். ஒரு வருஷம் ஜானகிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். வலியோடும் காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடைசியாக எழுதிய தாள்கள் எங்கோ போய்விட்டன. 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூறு சூத்திரங்கள் அதில் இருந்தன.

ஜானகி அம்மாளுக்கு அப்போ 21 வயது. தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்துக் கொடுத்து, சின்ன ஓய்வூதியமும் வாங்கித் தனியாக வாழ்ந்தார். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். 1994-இல் 95 வயதில் இறந்தார்.

புதிர்: 1729-க்கு அடுத்து அதே மாதிரி வரும் எண் 4104. இதை இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதணும். கண்டுபிடிக்கிறவங்க ஒரு துண்டுத் தாளில் பெயர், வகுப்போடு எழுதி இதுக்குக் கீழே குத்தி வையுங்க. வழிமுறையும் வேணும். விடை அடுத்த மாத இதழில்.


ஒன்பதாம் வகுப்பு மாணவி